கிழட்டு ஸ்டெனுக்குப் பொருந்திய ரவை

ரவைத் தொழிலில் ‘கிட்டத்தட்ட’ என்றொரு சொல் கிடையாது. ரவை துவக்குக்குப் பொருந்தும், இல்லாவிட்டால் பொருந்தாது.

கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் ‘எங்க வேலை செய்யிறீங்கள்?’ என்று கேட்டதும், வாயில் போட்ட வடையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நீங்கள் என் இனம். பக்கத்தில் வந்து இருங்கள். பிணவறையில் வேலை செய்பவர்களுக்கும், சிறைச்சாலையில் சாவிக்கொத்தோடு நடப்பவர்களுக்கும், சாக்கடை அடைப்பு எடுப்பவர்களுக்கும் இது விளங்கும். நான் ஒன்பது வருஷமாக லண்டனில், படப்பிடிப்புகளுக்குப் பழைய துவக்குகளை வாடகைக்குக் கொடுக்கும் ஓர் இடத்தில் வேலை செய்கிறேன். என் பொறுப்பு துவக்கு அல்ல, அதற்குள் போகிற ரவை. ஈயக் குண்டு இல்லாமல், சுட்டால் சத்தமும் நெருப்பும் மட்டும் வருகிற ரவையை நாங்கள் பிளாங்க் என்போம். சத்தமும் வராமல், பார்வைக்கு மட்டும் அசலைப் போல இருப்பது டம்மி. மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது ஆளைக் கொல்லும். அது எங்கள் கட்டடத்துக்குள் வரவே கூடாது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கண்ணை மூடி ஒரு பரீட்சை

நானும் என் மனுசன் யேசுதாசனும் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு முதலில் போய்ச் சேர்ந்தது ஜேர்மனிக்கு. அங்கே பன்னிரண்டு வருஷம், கைக்கடிகாரத்துக்குள் போகும் சின்னப் பற்சில்லுகளைச் சோதிக்கிற பக்ரறியில் இருந்தேன். பிறகு மகளின் படிப்புக்காக லண்டனுக்கு மாறினோம். ஏஜென்சிக்காரப் பெண், “ஸ்டோர்ஸில் ஆள் கேட்கிறார்கள், சின்னச் சாமான்கள், கவனமான கை வேண்டுமாம்” என்றுதான் சொன்னாள். என்ன சாமான் என்று அவள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. வெம்பிளிக்குப் பின்னால் ஒரு தொழிற்பேட்டை. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் சமோசா பொரிக்கிற வாசம் வந்தது. அது சம்பந்தமான வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மணியை அடித்தேன்.

இரண்டு இரும்புக் கதவு தாண்டி உள்ளே போனால் சுவர் முழுக்கத் துவக்கு. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன், கதவு பூட்டியாகிவிட்டது. முதலாளியின் பெயர் ப்ரையன். அறுபதைத் தாண்டியவர், பட்டாளத்தில் இருந்து விலகி வந்தவர். வணக்கம்கூடச் சொல்லாமல் என் உள்ளங்கைகளில் ஒவ்வொரு ரவையை வைத்தார். “கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லுங்கள்.” விரல் அதன் பாட்டில் வேலை செய்தது. இடது கையில் இருந்தது பாரம் குறைவு. அதன் அடி விளிம்பில் நகத்தை ஓட்டினால் மயிரளவு ஒரு கீறல் தட்டுப்பட்டது. சொன்னேன். அவர் இரண்டையும் தராசில் வைத்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“கீறல் எனக்கே தெரியாது,” என்றார். “திங்கட்கிழமை வாருங்கள். இப்போது கையைக் கழுவிவிட்டுப் போங்கள்.”

‘ஸ்டோர்ஸில்’

முதல் ஒரு வருஷம் ஊர்ச் சனத்துக்கு நான் ‘ஸ்டோர்ஸில்’ வேலை செய்தேன். யேசுதாசன் கண்டுபிடித்த சொல் அது. அவர் பஸ் ஓட்டுகிறவர்; ஒருவரும் அவரிடம் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. என்னிடம் கேட்பார்கள். என்ன ஸ்டோர்ஸ், உடுப்போ, மருந்தோ, தள்ளுபடி கிடைக்குமோ.

எங்கள் பங்கில் ஒரு பிள்ளையின் முதல் நன்மை விருந்து. யேசுதாசனின் ஒன்றுவிட்ட அக்கா ஆர்ச்வேயிலிருந்து வந்திருந்தா. கேள்வி கேட்பதில் போலீஸ்காரரை வெல்லக்கூடியவ. கடைசியில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்: படத்துக்கு வாடகைக்கு விடுகிற பழைய துவக்குகள், அதற்கு ரவை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். மேசையில் இருந்த எட்டுப் பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அக்கா கையைத் துடைத்துவிட்டு, கோபமில்லாமல், மெய்யாகவே விளங்காமல் கேட்டா:

“அப்ப, பிள்ளை, ஊரிலையிருந்து ஏன் வெளிக்கிட்டனீர்?”

மேசைக்குக் கீழே

போலீஸ் என்னைப் பற்றி விசாரித்து முடித்து, லைசன்ஸ் பேப்பரில் என் பெயர் ஏறும்வரை எனக்குச் சுட்டு முடிந்த ரவைகளின் வெற்றுக் கோதுகளைத் தரம் பிரிக்கும் வேலைதான். சத்தம் இல்லாத வேலை. பெயர் ஏறிய கிழமை ப்ரையன் பின்பக்க அறையில் ஒரு சப் மெஷின் துவக்கைச் சோதிக்கப் போவதாகச் சொன்னார். காதுக் கவசம் தந்தார். மூன்று விரலைக் காட்டி, இரண்டு, ஒன்று என்று எண்ணினார். நான் தலையாட்டினேன்.

அடுத்தது எனக்கு நினைவிருப்பது மேசைக் காலின் திருகாணி. நான் மேசைக்குக் கீழே, இரண்டு கையாலும் தலையைப் பொத்தியபடி. எட்டு வயதில் எங்கள் கோயிலின் சீமெந்து நிலத்தில் அம்மா என் மேல் கவிழ்ந்து படுத்தது எப்படியோ, அப்படியே. அம்மா என் காதுக்குள் வெடிகளை எண்ணிக்கொண்டிருந்தா. முப்பது வந்தால் ரவை மாற்றுவதற்காகக் கொஞ்சம் ஓயும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ப்ரையன் துவக்கைக் கழற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணி இரண்டு கோப்பை கொண்டு வந்து, அந்தப் பாரமான உடம்பை மெல்ல மெல்ல இறக்கி எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். எங்கே, எப்போது, யார் என்று ஒன்றும் கேட்கவில்லை. பாதித் தேத்தண்ணி முடிந்த பிறகு மேசையின் அடிப்பலகையைத் தட்டிச் சொன்னார்:

“இந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பட்டாளத்தை விட்டு வந்த முதல் ஆறு மாதம் நானும் இங்கேதான் இருந்தேன்.”

பாவசங்கீர்த்தனம்

அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. துவக்கால் செத்தவர்களுக்குப் பூசை கொடுக்கிற குடும்பத்திலிருந்து வந்துவிட்டு, துவக்குக்கு ரவை தேடிக் கொடுத்துச் சாப்பிடலாமா? தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் பாதரிடம் போனேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள். முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிளாங்க் என்றால் என்ன, டம்மி என்றால் என்ன என்பதையும் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

அவர் கேட்டு முடித்துவிட்டு, நான் வேலை தொடங்கியதிலிருந்து அங்கே எத்தனை பேருக்குக் காயம் என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை, பாதர் என்றேன். வெடிமருந்து சுட்ட காயம்கூட இல்லையா என்றார். இல்லை என்றேன். திரைக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது.

“அப்ப அதை அப்பிடியே வைச்சிரும், பிள்ளை. பாவசங்கீர்த்தனத்துக்கு வேற ஏதாவது கொண்டு வாரும்.”

எந்த ரவை பொருந்தும்?

எங்கள் நம்பர் எப்படித்தான் வெளியே போகிறதோ தெரியாது, கிழமைக்கு ஒருவராவது எடுத்துக் கேட்பார்: என்னிடம் ஒரு பழைய துவக்கு இருக்கிறது, இதற்கு எந்த ரவை பொருந்தும்? ஒருநாள் ஒரு வயதான குரல். செத்துப்போன மாமாவின் கராஜைத் துப்பரவாக்கும்போது, போர்வைக்குள் சுற்றிய சப் மெஷின் துவக்கு ஒன்று கிடைத்ததாம். அதன் அடையாளங்களை மிக வடிவாகச் சொன்னார். தோட்டத்தில் ஒரே ஒரு தரம் சுட்டுப் பார்க்க ஆசையாம், மாமாவின் ஞாபகத்துக்காக.

ஐயா, அதைத் தொடாதீர்கள் என்றேன். எண்பது வருஷ இரும்பு, உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, கராஜைப் பூட்டிவிட்டு வெளியே வந்து இந்த நம்பருக்கு அடியுங்கள் என்று போலீஸ் நம்பரைக் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டார். நம்பரைத் திருப்பியும் வாசித்துக் காட்டினார். பிறகுதான் அவருக்கு விளங்கியது.

“நான் ரவை கேட்டேன், நீங்கள் போலீஸைத் தருகிறீர்கள்,” என்றார். “இது என்ன மாதிரிக் கடை, அம்மா?”

ஏழாம் நம்பர்

போன வருஷம் ஒரு படக் கம்பனி வந்தது. பெயர் சொல்லாத ஒரு வெப்ப நாட்டில் நடக்கும் உள்நாட்டுச் சண்டை பற்றிய கதை. இப்போதெல்லாம் பலர் நெருப்பையும் சத்தத்தையும் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்கிறார்கள். இவர்களின் இயக்குநருக்கு அசல் துவக்கு, அசல் பிளாங்க், அசல் புகை வேண்டும். எங்களிடம் இருந்த ஸ்டென்களில் அவர் விரும்பியது ராக்கையில் ஏழாம் இடத்தில் இருந்ததை. உலக யுத்தக் காலத்துச் சாமான். பக்கவாட்டில் ரவைக்கூடு செருகுகிற, தண்ணீர்க் குழாயில் கைபிடி வைத்தது போன்ற துவக்கு. தேய்ந்து, நிறம் போய், பார்த்தால் பல கை மாறியது என்று தெரியும். அதனால்தான் அவருக்குப் பிடித்தது.

துவக்குக்கோ எங்களைப் பிடிக்கவில்லை. முழு அளவு வெடிமருந்து அடைத்த பிளாங்க் போட்டால் கோது வாய் கிழிந்து வெளியே வந்தது. அரை மருந்து போட்டால் ஐந்து வெடித்து ஆறாவதில் சிக்கியது. கால் மருந்துக்கு ஒன்றே ஒன்று வெடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பதினொரு நாள் இதே வேலை. சிக்கிய ஒவ்வொரு பிளாங்கையும் திகதி எழுதிய தட்டில் போட்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே காயம் இருப்பது தெரிந்தது: பூ மாதிரி மடித்து மூடிய நுனியின் ஓரத்தில். மருந்தில் பிழை இல்லை. நுனி கட்டையாக இருந்ததால் உள்ளே ஏறும்போது இடறியது. பழைய இருப்பில் அதே அரை மருந்தில், நுனி கொஞ்சம் நீண்டு உருண்ட ஒரு வகை இருந்தது. பதினான்கு ரவைக்கூடுகளில் உதடு வளையாத மூன்றைத் தெரிந்தெடுத்து, நிரம்ப அடைக்காமல் இருபது இருபதாகப் போட்டோம். ப்ரையன் சுட்டார். இருபதும் தையல் மெஷின் மாதிரி ஓடியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ப்ரையன் கீழே விழுந்த கோதுகளைக் குனிந்து பொறுக்கியபடி சொன்னார்: “எல்லோரும் மருந்தைக் கூட்டச் சொல்வார்கள். மூக்கைப் பார்த்தது நீ ஒருத்திதான்.”

சத்தம் போதாது

இயக்குநர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். நல்ல மனிதர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதவு திறந்து விட்டவருக்கெல்லாம் நின்று நன்றி சொல்வார். அரை மருந்துச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. சின்ன அறை ஒன்றில் ஒரு காட்சி, சுடுபவருக்கும் மற்ற நடிகருக்கும் இரண்டு எட்டுத்தான் இடைவெளி, அங்கே முழு மருந்து வேண்டும் என்றார். ஏலாது என்றேன். ஈயம்தான் இல்லையே, வெறும் காற்றுத்தானே என்றார். நான் ஒரு தடித்த காகித மட்டையைச் சட்டத்தில் பொருத்தி இரண்டு எட்டுத் தூரத்தில் வைக்க, ப்ரையன் வேறொரு துவக்கில் முழு மருந்து ஒன்றைப் போட்டுச் சுட்டார். மட்டையின் நடுப்பகுதி கிழிந்து தொங்கியது. ஓரமெல்லாம் கருகி, எரியாத மருந்துத் துணிக்கைகள் மணல் போலக் குத்தி நின்றன.

இயக்குநர் அந்த மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள் என்றேன். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காட்சியில் சுடுவதைக் கதவுக்கு வெளியே மாற்றச் சம்மதித்தார். ஆனால் மனக்குறை போகவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகும்போது என் தோளை மெல்லத் தொட்டு, ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்:

“உங்கள் மேல் பிழை இல்லை. உண்மையான சண்டையில் இது எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.”

பிஸ்கட் டின்

அதே படத்துக்குக் கிட்டத்தில் வைத்து எடுக்கும் காட்சிகளுக்கு டம்மி தேவைப்பட்டது. எங்களிடம் இருந்தவை புதுப் பளபளப்பு. இயக்குநருக்குக் கறுத்த பழசு வேண்டும். படக் கம்பனிக்காகச் சாமான் தேடுகிறவர் எங்கேயோ விசாரித்து, ஒரு பெண்ணை எங்களிடம் அனுப்பினார். நாற்பது வயது, பள்ளிக்கூட ஆசிரியை. கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் அப்பா விட்டுப்போன முப்பத்தொரு ஸ்டென் ரவை. எல்லாம் டம்மி, உள்ளே ஒன்றுமில்லை, அப்பாவே சொன்னவர் என்றாள். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவளும், இப்போது அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கம்பளத்தில் படை நிறுத்தி விளையாடும் சாமான்.

நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். டம்மி என்றால் ஆட்டும்போது உள்ளே சின்னக் குண்டு உருளும், அடிப்பக்க மூடியில் துவக்கின் ஊசி குத்திய பழைய தடம் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. உருண்டது, உருண்டது, உருண்டது. இருபத்திமூன்றாவது உருளவில்லை. பாரமும் கூட. அடிமூடி குத்துப்படாமல் வடிவாக இருந்தது. அதை மணல் வாளியில் மெல்லப் படுக்க வைத்தேன். மிச்சத்தைச் சோதித்து முடித்தேன், அவற்றில் பிழையில்லை. ப்ரையனைக் கூப்பிட்டேன், அவர் போலீஸைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து எடுத்துப் போகும்வரை அந்தப் பெண் கதிரையில் இருந்தாள். அது ஆளைக் கொல்லும் வகை என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். வாளி மணலில் படுத்திருந்த அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், கையை நீட்டிக் காட்டினாள்.

“நுனியில் சிவப்பு நெயில் பொலிஷ் தெரிகிறதா? அது என் மகள் பூசியது. அதுதான் ராணி.”

ஒன்றுமில்லாத இரண்டு மணித்தியாலம்

படப்பிடிப்பு கிழக்கு லண்டனில் மூடிக் கிடந்த ஒரு பழைய கட்டடத்தில். துவக்கு போகிற இடமெல்லாம் நானும் போகவேண்டும். இரண்டாம் நாள் காலை, சாமான் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண், வேலை சுகமாக இருக்கட்டும் என்று டம்மியையும் பிளாங்கையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டு வந்துவிட்டாள். கெட்ட எண்ணம் இல்லை. ஒரு நிமிஷம்கூட அந்தத் தட்டு ஆள் இல்லாமல் இருந்திராது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி எனக்குச் சத்தியம் செய்யத் தெரியாது. சுடுவதை நிறுத்தச் சொன்னேன். இருநூற்று நாற்பது ரவை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினேன்.

எண்பது பேர் குளிரில் நின்றார்கள். நிர்வாகி என் காதுக்குப் பக்கத்தில் நின்று கத்தினார். பிறகு போனில் யாரிடமோ என்னைப் பற்றிக் கத்தினார். அந்தப் பெண் ஒரு மூலையில் அழுதாள். நூற்றிப்பத்தில் எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு மணித்தியாலம் முடிந்தது. ஒன்றுமில்லை. எல்லாம் அதது அதனதன் இனம். ‘ஒன்றுமில்லை’ என்று நான் சொன்னபோது எழுந்த முணுமுணுப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால்கூட அவர்கள் என்னை மன்னித்திருப்பார்கள் போல. ஸ்டெனைக் கையில் வைத்துச் சுடப்போகிற நடிகர் மட்டும் பக்கத்தில் வந்தார். வெறும் சட்டையோடு நின்றதில் அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது.

“குளிர் போய்விடும்,” என்றார். “சுட்டவன் என்ற பெயர் வந்தால் போகாது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இன்னொரு தரம் எண்ணுங்கள்.”

குட்மேய்ஸ் அண்ணை

கடைசி நாள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த வெளியில் காட்சி. பிடிபட்ட ஊர்ச்சனம் வரிசையாக முழங்காலில். சிப்பாய் ஸ்டெனால் சுடுவான். முகம் பொருந்தவேண்டும் என்று வெம்பிளியிலிருந்தும் குட்மேய்ஸிலிருந்தும் எங்கள் ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள். நான் மேசையில் ரவைக்கூட்டை அடைத்துக்கொண்டிருக்க, சாரம் உடுத்த, அறுபத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒருவர் வந்து நின்றார். பெயர் செபஸ்தியான், இருப்பது குட்மேய்ஸில் என்றார்.

“தங்கச்சி, தமிழோ?”

“ஓம் அண்ணை. மன்னார்.”

“இதுக்குள்ளையிருந்து ஒண்டும் வராதுதானே?”

ரவைக்கூட்டை வெறுமையாக்கி, இருபதையும் அவர் கையில் கொடுத்தேன். “நீங்களே பாருங்கோ அண்ணை. நுனி மடிச்சு மூடியிருக்கு. ஈயம் இல்லை.” அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தார். கடைசியைத் தரும்போது சொன்னார்: “நான் ஒருக்கா உப்பிடி இருந்தனான். ரோட்டுக்கரையில ஏழு பேர். எனக்கு இஞ்சால இருந்தது என்ர மச்சான். ஆறாவது ஆளோட அவங்களுக்கு ரவை முடிஞ்சுதோ, மனம் மாறிச்சுதோ, இண்டைக்கும் தெரியாது. பேந்து எழும்பச் சொன்னாங்கள். எனக்கு எழும்ப ஏலேல்லை. ரெண்டு பேர் தூக்கித்தான் கொண்டு போனவை. அதுக்குப் பிறகு கோயிலிலையும் நான் முழங்கால் போடுறேல்லை. முழங்கால் வருத்தம் எண்டு மனுசி சனத்துக்குச் சொல்லுவா.”

“அப்ப ஏன் அண்ணை இதுக்கு வந்தனீங்கள்? இப்பவும் போகலாம். நான் கதைக்கிறன்.”

“ஆள் எடுக்கிற பிள்ளை போனில சொன்னவள், முழங்காலில இருக்க வேணும், கட் எண்டு சொன்ன உடன எல்லாரும் எழும்பிப் போகலாம் எண்டு. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வந்தனான்.”

நான் இயக்குநரிடம் போய், அண்ணையின் கதையைச் சொல்லாமல், எனக்குத் தேவையானதை மட்டும் சொன்னேன். சுடுபவர் பத்து எட்டுப் பின்னால் நிற்கவேண்டும், துவக்கின் வாய் வரிசைக்கு வெளியே பார்க்கவேண்டும், எல்லோருக்கும் காதுப் பஞ்சு, ரவைக்கூட்டை நான் வரிசைக்கு முன்னால் நின்று அடைப்பேன். என் குரலில் என்ன இருந்ததோ, ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. இருபதையும் அந்தச் சனத்தின் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாக அடைத்தேன். செபஸ்தியான் அண்ணை வரிசையின் கடைசியில் முழங்காலில் இருந்தார். அவருக்கு என் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன்.

ஸ்டென் சிக்காமல் ஓடியது. கட் என்றார்கள். வரிசையில் இருந்தவர்கள் எழும்பி, சாரத்தைத் தட்டி, தங்களுக்குள் பகிடி விட்டபடி கலைந்தார்கள். அவர் எழும்பவில்லை. கண் திறந்துதான் இருந்தது. என் கால் இரண்டடி எடுத்து வைத்துவிட்டது; பிடித்து நிறுத்திக்கொண்டேன். தூக்குவதற்கு அன்றைக்கு ஆள் இருந்தது, தானாக எழும்பாமல் போனதுதான் இவ்வளவு காலமும் அவரைத் தின்றது என்று எனக்குப் பட்டது. அவர் வலது கையை நிலத்தில் ஊன்றினார். ஒரு பாதத்தை முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழும்பி நின்று, இரண்டு முழங்காலிலும் ஒட்டியிருந்த மண்ணை நிதானமாகத் தட்டினார். அந்த நேரம் பார்த்து இயக்குநர் இன்னொரு தரம் எடுக்கவேண்டும் என்றார். நான் ஓடிப்போய், அண்ணை, நீங்கள் இருக்கத் தேவையில்லை, வேற ஆளைப் போடச் சொல்லுறன் என்றேன். அவர் முகம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கவுமில்லை.

“இன்னொருக்காவோ? காரியமில்லை, தங்கச்சி. எனக்கு இப்ப எழும்பத் தெரியும்.”

மொத்தத்தில் எங்கள் தொழில் இவ்வளவுதான்: எண்பது வருஷக் கிழட்டு இரும்புக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு எதுவென்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, சுட்டவரும் சுடப்பட்டவர்களும் ஒரே வரிசையில் தட்டை நீட்டி மத்தியானச் சோறு வாங்குவதைத் தலை எண்ணிச் சரிபார்ப்பது.